ஊரின் பெயரில் ஒரு பேருந்து: மக்கள்தொகைக் கணக்கும் சேரிக்கான தூரமும்

(ஆரணியில் நிகழ்த்தப்பட்ட ரெட்டமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா ரெட்டமலை சீனிவாசன் பெயரில் பேசவேண்டும் என்று தோழர்கள் அழைத்தபோது, அவருடைய வாழ்வில் எதை எடுத்துக்கொள்வது என்று யோசித்தேன். 1891-இல் பறையர் மகாஜன சபை, 1893-இல் 'பறையன்' இதழ், பிறகு வட்டமேசை மாநாடு. இவற்றைப் பற்றி இந்த மேடையிலேயே பலர் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது 1924-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டு 22 அன்று சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவராயினும், எந்த ஊரிலும் நகரத்திலும் உள்ள பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடப்பதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது. பொதுக் கிணறு, குளம், பொது இடம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தீர்மானம் நிறைவேறியது, அடுத்த மாதமே அரசாணையாகவும் வந்தது.

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தெருவில் நடக்கும் உரிமைக்கு ஆணை கிடைத்தது. ஆனால் அந்தத் தெரு எதுவரை போகிறது, பேருந்து எங்கே நிற்கிறது, அரசாங்கத்தின் கணக்கில் 'ஊர்' என்பது எங்கே முடிகிறது? இவையே இன்றைய என் பேச்சின் கேள்விகள். தலைப்பு வறண்டது போலத் தோன்றலாம். மக்கள்தொகையும் போக்குவரத்தும் பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விகள். நம்முடைய வாழ்வில் அவற்றின் மதிப்பு வேறு.

ஒரு வரிக்குள் ஒரு கிராமம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு வெளிவரும். அதில் 'கிராம விவரக் குறிப்பு' என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி. வீடுகள் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை, எழுத்தறிந்தவர் எத்தனை, விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர், மற்றவர் எத்தனை என்ற கணக்கு ஒரு பக்கம். பள்ளி, மருத்துவமனை, குடிநீர், அஞ்சலகம், தார்ச் சாலை, பேருந்து, ரயில், பக்கத்து நகரம் எவ்வளவு தூரம் என்ற விவரம் இன்னொரு பக்கம்.

அந்த வசதி கிராமத்தில் இருந்தால் 'உண்டு' என்று குறிப்பார்கள். இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஓர் எழுத்து. ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 'ஏ', ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் 'பி', பத்துக்கு மேல் என்றால் 'சி'. மூன்று எழுத்துகளில் ஒரு கிராமத்தின் தூரங்கள் எல்லாம் அடங்கிவிடும்.

இந்தக் கையேட்டை நான் குறை சொல்ல எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில், ஒவ்வொரு கிராமத்துக்கும் இவ்வளவு விவரம் திரட்டுவது சாதாரண வேலையா? மாணவர்கள் ஒவ்வொருவரும் தன் கிராமத்தின் வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வரியில் பேருந்து 'உண்டு' என்று இருக்கிறதே, யாருக்கு உண்டு?

நம் வட்டாரத்துக் கிராமம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில், பால் சங்கம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் எல்லாம் ஊரில். பிறகு ஏரிக்கால்வாய், கொஞ்சம் கழனி. அதைத் தாண்டிச் சேரி. அதற்கும் அப்பால், பின்னாளில் அரசு மனைப்பட்டா கொடுத்து உருவான புதுக் குடியிருப்பு. வருவாய்க் கணக்கில் இவை மூன்றும் ஒரே கிராமம். வசதி எங்கே இருந்தாலும் அது கிராமத்தில் இருப்பதாகவே கணக்கு. ஊரில் பேருந்து நின்றால் சேரிக்கும் பேருந்து உண்டு. ஊரில் நூலகம் இருந்தால் சேரிக்கும் நூலகம் உண்டு. தாளில் தீண்டாமை இல்லை. தாளில் எல்லாரும் ஒரே வரியில் வாழ்கிறோம்.

தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகள், அவற்றுக்குள் 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட குக்கிராமங்கள் என்று ஊரக வளர்ச்சித் துறை கணக்கு வைத்திருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு குடியிருப்புகள். அந்த ஆறில் எது ஊர், எது சேரி என்பது நமக்குத் தெரியும். கணக்குப் புத்தகம் அதைச் சொல்லாது.

இதில் ஒரு விந்தை உண்டு. கணக்கெடுக்க வருபவர் முதலில் ஒரு வரைபடம் போடுகிறார். தன் பகுதியின் தெரு, வீடு, கோயில், கிணறு எல்லாவற்றையும் குறித்து, வீட்டுக்கு எண் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார். எந்த வீடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தகவல் மேலே போகப் போக, குடியிருப்பு கரைந்து கிராமமாகிறது, கிராமம் வட்டமாகிறது, வட்டம் மாவட்டமாகிறது. தூரம் முதல் படியிலேயே தொலைந்துவிடுகிறது.

எண்ணப்பட்டவர்கள்

2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. அதில் பட்டியல் சாதியினர் 22.94 சதவீதம். அதாவது சுமார் ஐந்து லட்சத்து அறுபத்தைந்தாயிரம் பேர். மாநிலச் சராசரி 20.01 சதவீதம். நாம் இந்த மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த எண்ணிலும் எல்லாரும் இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பழைய வட ஆர்க்காட்டில் மாதா கோயிலைச் சுற்றி எத்தனை சேரிகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் பட்டியல் சாதி, ஞானஸ்நானம் வாங்கிய தம்பி பட்டியலில் இல்லை. இருவருக்கும் ஒரே சுவர், ஒரே தெரு, அதே சுடுகாட்டுப் பாதை. எங்காவது ஒரு திட்டத்துக்குக் குடியிருப்பின் பட்டியல் சாதி மக்கள்தொகை இத்தனை சதவீதம் இருக்கவேண்டும் என்று விதி வரும்போது, அந்தத் தம்பி கணக்கில் விழாததால் அண்ணனுக்கும் திட்டம் வராமல் போகும்.

எண்ணிக்கை என்பது நமக்கு எப்போதும் அரசியல். நம் முன்னோர் மனுவுக்கு மேல் மனு எழுதியபோது, நாங்கள் இத்தனை லட்சம் பேர் இருக்கிறோம் என்ற வாதத்தைத்தான் முன்வைத்தார்கள். 1871 முதல் எடுக்கப்பட்ட கணக்கு அதற்குக் கைகொடுத்தது. எண்ணி முடித்த பிறகு எங்கே வைக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

ஐந்நூறு மீட்டர்

2000 டிசம்பர் 25 அன்று பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்கும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்கும் எல்லாக் காலத்திலும் போகக்கூடிய சாலை போடுவது நோக்கம். நல்ல நோக்கம். வருவாய்க் கிராமத்தை விட்டுவிட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்தது அந்தத் திட்டத்தின் பெரிய சிறப்பு.

ஆனால் விதியைப் படித்தால் ஓர் இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. சாலை இல்லாத குடியிருப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? சமவெளியில், எல்லாக் காலச் சாலையிலிருந்தோ, ஏற்கெனவே சாலை பெற்ற இன்னொரு குடியிருப்பிலிருந்தோ குறைந்தது ஐந்நூறு மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது நம் சேரிகளை நினைத்துப் பாருங்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையே எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் வேலைக்கு வரவேண்டும், ஆனால் தொடக்கூடாது. அந்த அளவுக்குத்தான் நம் முன்னோரைத் தள்ளி வைத்தார்கள். பறைச் சத்தம் கேட்கும் தூரம், களத்துமேட்டிலிருந்து குரல் எட்டும் தூரம். பல ஊர்களில் அது ஐந்நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆக, சாதி வகுத்த தூரம், சாலைத் திட்டத்தின் கண்ணில் தூரமே இல்லை. ஊருக்குத் தார்ச் சாலை வந்தால் சேரிக்கும் வந்துவிட்டதாகப் பொருள். நம்முடைய தலைகள் ஊரின் தலைகளோடு சேர்க்கப்பட்டு, ஐந்நூறைத் தாண்ட உதவியிருக்கும். சாலை ஊரில் நின்றுவிடும்.

விதி எழுதியவர்கள் நம்மை விலக்க நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே சமூகமாக வாழ்வார்கள், ஒரே சாலையைப் பயன்படுத்துவார்கள் என்று நம்பி எழுதியிருப்பார்கள். அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி எச்சரித்தது இந்த நம்பிக்கையைத்தான். கிராமத்தை ஒற்றை அலகாக நினைக்கும் எந்தத் திட்டமும் ஊர்த்தெருவின் முனையில் முடிந்துவிடும்.

இந்தத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2024-இல் ஒப்புதல் கிடைத்தது. விடுபட்ட 25 ஆயிரம் குடியிருப்புகளை இணைப்பது இலக்கு. அதற்கும் 2011 மக்கள்தொகைதான் அடிப்படை. 2011-க்குப் பிறகு உருவான புதுக் குடியிருப்பு எத்தனை, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் எத்தனை?

பெயர் ஆரணி, இடம் களம்பூர்

நம் பிரச்சினையை ஊர்க்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. ஆரணிக்காரர்களுக்கு எளிதாகப் புரியவைக்கலாம். ஆரணிக்கு ரயில் உண்டா? 'ஆரணி ரோடு' என்று நிலையம் இருக்கிறது. விழுப்புரம் - காட்பாடி பாதையில் போகிறவர்கள் பலகையைப் படிக்கலாம். ஆனால் நிலையம் இருப்பது களம்பூரில், இங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. திண்டிவனம் - நகரி புதிய பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஆரணிக்கு ரயில் இன்னும் வரவில்லை.

அறுபதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம், பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன நகரம், தன் பெயரில் இருக்கும் நிலையத்துக்குப் பத்து கிலோமீட்டர் போகவேண்டியிருக்கிறதே என்று ஆரணி வணிகர்கள் ஆதங்கப்படுகிறார்கள். நியாயமான ஆதங்கம். அவர்களிடம் நாம் சொல்லவேண்டியது இதுதான்: ஐயா, உங்கள் பெயரில் ரயில் நிலையம் இருந்தும் ரயில் இல்லாதது எப்படியோ, அப்படித்தான் எங்கள் கிராமத்தின் பெயரில் பேருந்து இருந்தும் எங்களுக்குப் பேருந்து இல்லாதது. உங்களுக்கு இது ஒரு நிலையம். எங்களுக்குப் பள்ளி, ரேஷன், நூலகம், ஆரம்பச் சுகாதார நிலையம் எல்லாமே 'ஆரணி ரோடு'.

வண்டி ஏறும் உரிமை

வண்டியில் ஏறுவது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1901-இல் சிறுவன் பீமராவ் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் போக வண்டி கேட்டபோது, தீண்டப்படாதவர்கள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929-இல், வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி வந்த பிறகும், சாளிஸ்கான் நிலையத்தில் குதிரைவண்டிக்காரர் அவரை ஓட்டிப்போக மறுத்தார். வண்டியை வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி புரண்டு அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்பட்டார். சாதிக்குக் கொடுக்கும் விலை சில சமயம் எலும்பு முறிவு.

தமிழ்நாட்டில் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் தனியார் முதலாளிகள் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். நியாயத்துக்கு உரிமத்தை ஆயுதமாக்கிய உத்தரவு அது. இன்று தடம் கேட்டு மனு எழுதுபவர்கள் நினைவில் வைக்கவேண்டிய முன்னுதாரணம்.

ஏறிய பிறகும் கதை முடியவில்லை. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண், எங்கே இறங்குகிறாய், எந்தத் தெரு என்று விசாரிப்பதும், சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இருக்கைக்குப் போவதும் அதில் வருகிறது. கவனியுங்கள், சாதியை யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. இறங்கும் இடத்தைக் கேட்டார்கள். நம் நாட்டில் பேருந்து நிறுத்தத்துக்குச் சாதி உண்டு. அதனால்தான் சேரிக்கு முன்பே, ஊர் நிறுத்தத்திலேயே இறங்கி நடக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று யாரும் பேச வேண்டாம். நான்கு வருடம் ஒரே பேருந்தில் போகிறவர்களுக்குத்தான் அந்த எடை தெரியும்.

1997-ஆம் ஆண்டு இன்னும் கசப்பானது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கலவரம் வெடித்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. நம் வட்டாரமும் அதில் அடக்கம். திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் வெறும் திருவண்ணாமலை ஆனது. பக்கத்து மாவட்டத்தின் பெயரிலிருந்து அம்பேத்கர் போனார். ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்கிய பேருந்தில் உட்கார மறுத்தவர்களுக்காக, எல்லாருடைய பெயரும் அழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் மேலூரிலிருந்து ஊர் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மக்கள் நிறைந்த பேருந்து, பட்டப்பகல்.

தடம் யாருக்கு?

இன்றைய நிலைக்கு வருவோம். அதே 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தது. பேருந்து போகாத குக்கிராமங்களுக்குச் சின்னப் பேருந்து. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர். மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு.

விடியல் பயணம் நம் பெண்களுக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. களை எடுக்கப் போனவர்கள் ஆரணியில் கடை வேலைக்கு, அரிசி ஆலை வேலைக்கு வர முடிகிறது. ஒரு நாள் பயணச் செலவு மிச்சம் என்றால் ஒரு நாள் பால். ஆனால் இந்தச் சலுகை பேருந்தின் மேல் ஏறி வருகிறது. பேருந்து போகாத இடத்துக்குச் சலுகையும் போகாது. ஊர் நிறுத்தத்தில் ஏறும் பெண்ணுக்கு இலவசம். சேரியிலிருந்து நடந்தோ ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தோ நிறுத்தத்துக்கு வரும் பெண்ணுக்கு, முதல் ஒரு கிலோமீட்டருக்குக் காசு, மீதி இருபது கிலோமீட்டர் இலவசம். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அந்த ஒரு கிலோமீட்டரை ஒரு பெண் எப்படிக் கடக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அவள் வேலைக்குப் போவதும் போகாததும். கடைசி நடை ரத்தானால் முதலில் வேலையை இழப்பவள் அவள்தான்.

பேருந்து சேரி வரை வராததற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் பொறியியல் காரணங்கள். திரும்ப இடமில்லை, சாலை அகலம் போதாது, பயணிகள் குறைவு, வருமானம் வராது. ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கலாம். திரும்ப இடமில்லாமல் போனது எப்படி? ஊர்ப் பொது நிலம் ஊர்ப் பக்கம் இருந்தது. சேரிக்கு வீட்டுமனை அளந்தபோது வீட்டுக்கு மட்டும் அளந்தார்கள். தெருவுக்கு, திடலுக்கு, பேருந்து திரும்புவதற்கு யாரும் அளக்கவில்லை. பழைய அநியாயம் இன்று சாலை அகலமாக நிற்கிறது.

பட்டும் தெருவும்

ஆரணியில் நின்றுகொண்டு பட்டைப் பேசாமல் போக முடியாது. இந்த நகரமும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்று ஊர்களும் தறிச் சத்தத்தில் விழித்தவை. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் வைத்திருந்த தொழில், பின்னர் பிற சாதிகளுக்கும் கிராமங்களுக்கும் பரவியது. 1973 முதல் கேம்பிரிட்ஜ், சென்னை ஆய்வாளர்கள் நம் வட்டாரத்துக் கிராமங்களைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். பார்பரா ஹாரிஸ் ஒயிட் நாற்பது ஆண்டுகள் ஆரணிக் கடைத்தெருவைப் பின்தொடர்ந்தார். நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் போன்ற கிராமங்களின் பெயர்கள் உலகப் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கின்றன. நகரச் சந்தை சாதிச் சங்கங்களின் வழியாக நடக்கிறது என்பதை அந்த ஆய்வுகள் விரிவாகக் காட்டின.

தறி பரவியபோது ஏன் சேரிக்குப் பெரிதாக வரவில்லை? பணமும் பழக்கமும் சாதியும் காரணம். அவற்றோடு இடமும் காரணம். பட்டுத்தறிக்கு வீட்டுக்குள் நீளமும் அகலமும் வேண்டும். குழித்தறிக்குத் தரையில் குழி வெட்டவேண்டும். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் தறி போட்டால் மனிதர் படுக்க இடமில்லை. பாவு நீட்ட நேரான தெரு வேண்டும். நெசவாளர் தெருவில் விடியற்காலையில் பாவு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தெருவே பாதித் தொழிற்கூடம். அடுத்து, முதலாளி வீட்டிலிருந்து கோறாவும் ஜரிகையும் வாங்கிவந்து, நெய்த சேலையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். விலையுயர்ந்த சரக்கைச் சுமந்துகொண்டு இரவில் இருட்டுப் பாதையில் நடக்க முடியுமா? போக்குவரத்து என்பது பயணிகளுக்கு மட்டும் உரியதல்ல. தொழில் ஒரு தெருவுக்குள் நுழைவதற்கும் வழி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பேருந்துக்கு முன்னால் கிராமத்தின் போக்குவரத்தாக இருந்தவர்கள் யார்? வசூலான வரிப்பணத்தைத் தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோனவர் வெட்டியான். சாவுச் சேதியைப் பத்து ஊருக்கு நடந்து சொன்னவர் சேரிக்காரர். ஊரின் எல்லை எங்கே என்று அளவைக்காரருக்குக் காட்டியவரும் அவர்தான். கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழியும்வரை கணக்கு எழுதிய கை வேறு, அந்தக் கணக்கைச் சுமந்து நடந்த கால் வேறு. எல்லா ஊரையும் எல்லா ஊரோடும் இணைத்தவர்களின் தெருவுக்குத்தான் கடைசியாகச் சாலை வருகிறது.

கடைசிப் பயணம்

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நம்மவர் ஒருவரின் உடலைப் பாடையோடு பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கியதை நாடே பார்த்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் அடைபட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கிராம விவரக் குறிப்பில் நாராயணபுரத்துக்குச் சாலை உண்டு, பேருந்து உண்டு என்று இருக்கலாம். சுடுகாட்டுப் பாதைக்கு அந்தக் குறிப்பில் பத்தி கிடையாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர், 2008 மே மாதம் ஒரு பாதை அளவுக்கு உடைக்கப்பட்டது. அந்தச் சுவருக்கும் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடம் இருந்ததில்லை.

வரப்போகும் கணக்கெடுப்பும் நம் வேலையும்

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2026-இல் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் மக்கள் எண்ணிக்கை, மார்ச் 1 குறிப்பு நாள். கைபேசிச் செயலியில் பதிவு. எல்லாச் சாதிகளும் எண்ணப்படும். இன்னொரு பக்கம், 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவுச் சொல்லாக மாற்றப்பட்ட ஒரு சொல் போவதை வரவேற்கிறேன். ஆனால் ஒரு கவலையும் உண்டு. பெயர் அழிந்து, தூரம் அப்படியே இருந்தால், அந்தத் தூரத்தை ஆவணத்தில் காட்ட நமக்குச் சொல்லே இல்லாமல் போய்விடும். ஆகவே பெயர் மாறும்போதே அளவையும் எழுதிவைக்கவேண்டும்.

மாணவர்களிடம் நான் கேட்பது நான்கு வேலைகள்.

முதலாவது, வரைபடம். உங்கள் கிராமத்தின் ஊர், சேரி, புதுக் குடியிருப்பு மூன்றையும் ஒரே தாளில் வரையுங்கள். பேருந்து நிறுத்தம், பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையம், சுடுகாடு ஒவ்வொன்றுக்கும் சேரியின் கடைசி வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். ஊரின் நடுவிலிருந்தும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்துப் போட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, நேரம். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எந்த நடை அடிக்கடி ரத்தாகிறது, ஊர் நிறுத்தத்தில் நின்று நம் நிறுத்தத்தில் நிற்காமல் போவது எத்தனை முறை என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். தேதியும் நேரமும் இருக்கும் புகாரை அதிகாரியால் எளிதில் ஒதுக்க முடியாது.

மூன்றாவது, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரைபடத்தையும் அளவையும் அங்கே வைத்து, பேருந்தைக் குடியிருப்புவரை நீட்டவும், திரும்ப இடம் ஒதுக்கவும், சுடுகாட்டுப் பாதையைப் பொதுப் பாதையாகப் பதியவும் தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் எழுதப்பட்டால் நகல் வாங்குங்கள். எழுத மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேளுங்கள். மினி பஸ் தடங்களுக்கான கோரிக்கையை மாவட்ட ஆட்சியரிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

நான்காவது, கணக்கெடுப்பு நாளில் வீட்டில் இருங்கள். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் எங்காவது ஓரிடத்தில் கட்டாயம் எண்ணப்படவேண்டும். கணக்கெடுப்பவர் சேரிக்குள் வராமல் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து எழுதினால், அழைத்துவந்து வீடு வீடாகக் காட்டுங்கள். சாதியைக் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொன்னது அப்படியே பதிவானதா என்று பாருங்கள்.

இலக்கிய மன்றத்தில் வந்து இவ்வளவு மீட்டர் கணக்குப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். தலித் இலக்கியம் நமக்குச் செய்த முதல் வேலை, கிராமம் என்ற ஒற்றைச் சொல்லைப் பிளந்து, அதற்குள் ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதைக் காட்டியதுதான். எழுத்தாளர்கள் கதையில் செய்ததை நாம் பட்டியலில் செய்யவேண்டும். மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு இதே கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு கிராமமும் தன் வரைபடத்தைக் கொண்டுவரட்டும். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைப்போம். ஆரணி வட்டத்தின் உண்மையான கிராம விவரக் குறிப்பை நாமே அச்சிடுவோம். 1924-இல் தாத்தா கேட்ட பொதுச் சாலை இன்று எந்தெந்தத் தெரு முனையில் நின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அது ஆவணமாக இருக்கும்.

கடைசிப் பேருந்து பிடிக்கவேண்டியவர்கள் முதலில் புறப்படுங்கள். கேள்விகளை மற்றவர்களோடு தொடர்வோம். ஜெய்பீம்.